பதிவெண் பலகையில் பெயர் எழுதலாமா? – வாசகர் கேள்வி பதில்

வாகனப் பதிவெண் பலகையில் தாம் விரும்பும் எழுத்தையோ எண்ணையோ பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை விடையளிக்கிறோம். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, பதிவெண் என்பது அரசு தரும் அடையாளம். அதற்குள் தனி மனிதரின் விருப்பம் எப்போது நுழைந்தது?

பதில்: எண் முதலில் வந்தது, விருப்பம் பிறகு நுழைந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் உரிமையாளரின் பெயர்தான் பலகையில் முதலில் ஏறியிருக்கிறது. 1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் காவல் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. மோட்டார் வாகனம் ஒவ்வொன்றும் உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி எண் ஆகிய மூன்றும் தெளிவாக எழுதப்பட்ட உலோகத் தகட்டை இடப்பக்கத்தில் தாங்க வேண்டும், அந்தத் தகடு ஒருபோதும் மறைக்கப்படக் கூடாது என்று அந்த ஆணை கூறியது. நாடு முழுவதற்குமான பதிவு முறையை நெதர்லாந்து 1898இல் கொண்டுவந்தது.

1901இல் நியூயார்க் மாநிலம் வாகனப் பதிவைக் கட்டாயமாக்கியபோது அரசு பலகை எதையும் வழங்கவில்லை. உரிமையாளர் தம் பெயரின் முதலெழுத்துகளை வாகனத்தின் பின்புறம் தாமே பொருத்திக்கொள்ள வேண்டும் என்பதே விதியாக இருந்ததால், மரத்திலும் தோலிலும் உலோகத்திலும் அவரவர் வசதிப்படி செய்து மாட்டிக்கொண்டார்கள். முதலெழுத்துகள் ஒத்துப்போகும் ஆட்கள் பெருகியதும் எந்த வண்டி யாருடையது என்று சொல்ல முடியாமல் போயிற்று. 1903இல் அந்த மாநிலம் எண்களுக்கு மாறியது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசே பலகையைத் தயாரித்து வழங்கும் முறையை அமெரிக்காவில் முதன்முதலாகத் தொடங்கியது.

பிரிட்டனில் 1904 ஜனவரி 1 முதல் பலகை கட்டாயமாயிற்று. லண்டனுக்கு ஒதுக்கப்பட்ட ‘ஏ 1’ என்ற எண்ணைப் பெறுவதற்காக, தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணனான ரஸ்ஸல் பிரபு இரவு முழுவதும் வரிசையில் காத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. ஆகவே, எண்கள் வழங்கப்பட்ட காலத்திலேயே ‘எனக்கு இந்த எண்தான் வேண்டும்’ என்ற ஆசையும் தொடங்கிவிட்டது.

அரசு அந்த ஆசையை முறைப்படுத்தி ஏற்றுக்கொண்டது பின்னரே. 1937இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், குற்றப் பதிவு ஏதுமின்றி வண்டி ஓட்டிவந்தவர்களுக்கு அவர்களுடைய பெயரின் முதலெழுத்துகளைப் பலகையில் தந்தது. இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். சாலையில் பொறுப்புடன் நடந்துகொண்டவருக்கு அந்தச் சாலையிலேயே கிடைத்த மரியாதை அது. பிற்காலத்தில் கட்டணம் செலுத்தும் எவருக்கும் விருப்பப் பலகை என்ற நிலை வந்தபோது அந்த நல்ல எண்ணம் மறைந்துபோனது வருந்தத்தக்கது.

கேள்வி: சில நாடுகளில் முழுச் சொல்லையே பலகையில் போட்டுக்கொள்கிறார்கள், சில நாடுகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்கிறார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

பதில்: பதிவெண்ணை யாருடைய அடையாளமாக ஒரு நாடு கருதுகிறது என்பதைப் பொறுத்தே மற்ற விதிகள் யாவும் அமைகின்றன. வண்டி உருவான நாள் முதல் உடைத்து எடுக்கப்படும் நாள் வரை அதனுடன் ஒட்டியிருக்க வேண்டிய அடையாளம் என்று கருதும் நாடுகளில் விருப்பத்துக்கு இடம் குறைவு. உரிமையாளரோடு சேர்ந்து போகும் அடையாளம் என்று கருதும் நாடுகளில் இடம் அதிகம்.

ஸ்பெயின் 2000ஆம் ஆண்டு முதல் நான்கு எண்களும் மூன்று மெய்யெழுத்துகளும் கொண்ட வரிசையை நாடு முழுவதற்கும் பொதுவாகப் பின்பற்றுகிறது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துகளும் அதில் இடம்பெறுவதில்லை. உயிரெழுத்து இல்லாவிட்டால் சொல் உருவாகாது. சொல் உருவாகாவிட்டால் தற்செயலாக வசைச்சொல் அமைந்துவிடுமோ என்ற அச்சமும் இல்லை. பிரான்சு 2009இல் கொண்டுவந்த முறையில் ஐ, ஓ, யூ ஆகிய எழுத்துகள் விலக்கப்பட்டன. அங்கேயும் சொந்த விருப்பத்துக்கு இடமில்லை.

ஜெர்மனியின் வழி நடுவழி. ஊரையோ மாவட்டத்தையோ குறிக்கும் முன்னெழுத்துகள் கட்டாயம். அவற்றை அடுத்து வரும் ஓரிரு எழுத்துகளையும் எண்களையும், அவை வேறு யாருக்கும் வழங்கப்படாதிருந்தால், ஒரு சிறு கட்டணத்துடன் நாமே தேர்ந்துகொள்ளலாம். அங்கே மக்கள் தம் பெயரின் முதலெழுத்துகளையும் பிறந்த நாளையும் கோருவது மிகச் சாதாரணமான வழக்கம். அந்நாட்டில் இன்னொன்றும் நடந்தது. 1970களில் மாவட்டங்கள் இணைக்கப்பட்டபோது பல சிற்றூர்களின் முன்னெழுத்துகள் வழக்கொழிந்தன. 2012இல் விதி தளர்ந்து பழைய குறிகளை மீண்டும் பெறலாம் என்றானதும், ஏராளமானோர் தங்கள் ஊரின் பழைய எழுத்துகளையே கேட்டு வாங்கினார்கள். பலகையில் சொந்தப் பெயரைக் காட்டிலும் ஊரின் பெயரை நாடுவோரும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பிரிட்டனில் நாமே ஒரு சொல்லை உருவாக்கிப் பதிந்துகொள்ள முடியாது. அரசு வகுத்த எழுத்து–எண் அமைப்புகளுக்குள் பொருந்துவதை மட்டுமே வாங்கலாம். பலகையில் ஆண்டுக்குறி இருப்பதால், வண்டியை அதன் உண்மையான வயதைவிடப் புதியதாகக் காட்டும் எண்ணை அதற்குப் பொருத்தக் கூடாது. பழையதாகக் காட்டும் எண்ணைப் பொருத்தலாம். வாங்குபவர் ஏமாறாமல் காக்கும் நல்ல விதி இது.

அமெரிக்க மாநிலங்களிலும் ஸ்வீடனிலும் மிகுந்த தாராளம். ஸ்வீடனில் இரண்டு முதல் ஏழு குறிகள் வரை விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் ஏழு குறிகள் வரை இடமுண்டு. அந்த ஏழு இடங்களுக்குள் ஒரு முழு வாக்கியத்தையே அடக்குவதற்காக எழுத்துகளைச் சுருக்கியும் ஒலி ஒத்த எண்களைச் சேர்த்தும் எழுதும் திறமை அங்கே வளர்ந்திருக்கிறது.

கேள்வி: ஆங்கிலம் முதலிய மொழிகளை எழுதும் லத்தீன் எழுத்தல்லாத வேறு எழுத்துகளில் பதிவெண் இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். சாலைப் போக்குவரத்து பற்றிய 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை வேறு எழுத்துகளையும் எண்ணுருக்களையும் அனுமதிக்கிறது. ஆனால் அதே பதிவெண் லத்தீன் பெரிய எழுத்துகளிலும் இப்போது உலகெங்கும் வழங்கும் எண்களிலும் மீண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. சவூதி அரேபியாவின் பலகைகளில் இரண்டு எழுத்து முறைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதைக் காணலாம். ரஷ்யா வேறொரு வழியைக் கண்டது: ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்து, லத்தீன் எழுத்து இரண்டிலும் ஒரே வடிவம் கொண்ட பன்னிரண்டு எழுத்துகளை மட்டும் பயன்படுத்துவதால், ஒரே பலகையை இருவகை வாசகரும் படிக்க முடிகிறது. தாராளமாகச் சொற்களை அமைக்க முடியாது என்ற இழப்பு இருந்தாலும், பலகையின் முதற்கடமையான படிக்கப்படுதலை இந்த முறை நன்றாகவே நிறைவேற்றுகிறது.

கேள்வி: ஒரே ஓர் எண்ணுக்காகக் கோடிக்கணக்கில் பணம் கொடுப்பது வீண் பகட்டல்லவா? அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது?

பதில்: முதலில் தொகைகளைப் பார்ப்போம். 2008இல் அபுதாபியில் ‘1’ என்ற பதிவெண் 5 கோடியே 22 லட்சம் திர்ஹாமுக்கு ஏலம் போனது. 2023 ஏப்ரலில் துபாயில் ‘பி 7’ என்ற எண் 5 கோடியே 50 லட்சம் திர்ஹாமை எட்டி உலக சாதனையாயிற்று. ஹாங்காங்கில் 2021இல் ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்து 2 கோடியே 60 லட்சம் ஹாங்காங் டாலருக்கு விற்றது. பிரிட்டனில் எசெக்ஸ் வட்டார நிர்வாகம் 1904 முதல் வைத்திருந்த ‘எஃப் 1’ என்ற எண், 2008இல் 4 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்டது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் அதே 2008இல் ‘6’ என்ற எண்ணுக்கு 6 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கிடைத்தது.

இவற்றில் பெரும்பாலானவை சொற்கள் அல்ல, மிகச் சிறிய எண்கள் என்பதைக் கவனியுங்கள். ஓரிலக்க எண்கள் ஒன்பதுதான். எவ்வளவு பணம் வந்தாலும் அரசு பத்தாவது ஒன்றை உருவாக்க முடியாது. டெலவேர் போன்ற சிறிய மாநிலங்களில் குறைந்த எண், அந்தக் குடும்பம் அங்கே எத்தனை தலைமுறையாக வாழ்கிறது என்பதைக் காட்டும் அடையாளமாகவும் மதிக்கப்படுகிறது. அப்படி வழிவழியாக வந்த எண்ணை உயில் எழுதி விட்டுச்செல்வதை நான் பகட்டு என்று சொல்ல மாட்டேன்.

பணம் போகும் இடத்தைப் பொறுத்தே என் மதிப்பீடு மாறுகிறது. துபாயில் ‘பி 7’ விற்ற தொகை ஏழைகளுக்கு உணவளிக்கும் அறக்கட்டளைத் திட்டத்துக்காகத் திரட்டப்பட்டது. அபுதாபி ஏலங்களின் வருமானம் சாலை விபத்தில் பாதிக்கப்பட்டவர்களின் மறுவாழ்வுக்கென்று அறிவிக்கப்பட்டது. ஹாங்காங்கில் மரபான எண்களின் ஏலத்தொகை சமூகநலப் பணிகளுக்கு உதவும் லாட்டரி நிதியில் சேர்கிறது. கலிபோர்னியா மாநிலம் 1970இல் விருப்பப் பலகையைத் தொடங்கியபோதே அதற்குச் ‘சுற்றுச்சூழல் பலகை’ என்று பெயரிட்டு, கட்டணத்தை இயற்கைப் பாதுகாப்புக்கென ஒதுக்கிவிட்டது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தைத் தொட்டது புளோரிடாவின் முயற்சி. 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் உயிரிழந்த பிறகு, 1987இல் அவர்களின் நினைவாக அந்த மாநிலம் ஒரு சிறப்புப் பலகையை வெளியிட்டது. அதை வாங்கிய சாதாரண மக்கள் கூடுதலாகச் செலுத்திய சிறு தொகைகள் சேர்ந்துதான், கென்னடி விண்வெளி மையத்தில் உயிர்நீத்த விண்வெளி வீரர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் நினைவுச்சுவரை எழுப்ப உதவின. தனி ஒருவர் கோடிகளைக் கொட்டி வாங்கும் எண்ணைக் காட்டிலும், பல்லாயிரம் பேர் சிறிது சிறிதாகக் கொடுத்து ஒரே படத்தைத் தம் வண்டிகளில் ஏந்திச் செல்வது எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

கேள்வி: எந்தச் சொல்லை மறுப்பது, எதை ஏற்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? என் பணத்தில் வாங்கும் பலகையில் நான் விரும்பியதை எழுதுவது என் பேச்சுரிமை ஆகாதா?

பதில்: இந்த மாதம் வந்தவற்றில் மிகக் கடினமான கேள்வி இதுதான். இதற்கு நீதிமன்றங்களே ஒரே குரலில் விடை சொல்லவில்லை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பலகைகளில் ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி’ என்ற முழக்கம் அச்சிடப்பட்டிருக்கும். தம் சமய நம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்று கருதிய ஒருவர் அந்த வரியை மறைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறைக்கும் போனார். 1977இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், தாம் ஏற்காத ஒரு கருத்தைத் தம் வண்டியில் சுமந்து செல்லும்படி எவரையும் அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. பலகை அரசினுடையது என்றாலும் அதைச் சுமப்பவருக்கு மனச்சாட்சி உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட தீர்ப்பு இது.

2015இல் எதிர்த்திசையிலிருந்து ஒரு வழக்கு வந்தது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியைத் தாங்கிய சிறப்புப் பலகையை வெளியிட டெக்சாஸ் மாநிலம் மறுத்தது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்ற அந்த வழக்கில், சிறப்புப் பலகை என்பது அரசின் சொந்தப் பேச்சு, தான் பேச விரும்பாததை அரசு மறுக்கலாம் என்று முடிவாயிற்று. ஆனால் தனி மனிதர் தாமே தேர்ந்துகொள்ளும் எழுத்துகளைப் பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அதன் விளைவாகக் கீழ்நிலைத் தீர்ப்புகள் பிரிந்து நிற்கின்றன. பன்றியின் குரலைக் குறிக்கும் சொல்லைத் தம் பலகையில் வைத்திருந்த காவல் துறை அதிகாரி ஒருவரின் வழக்கில், அந்த எழுத்துகளும் அரசின் பேச்சே என்று இந்தியானா உச்ச நீதிமன்றம் 2015இல் கூறியது. கலிபோர்னியாவிலோ, ‘நல்ல ரசனைக்கும் நாகரிகத்துக்கும்’ ஒவ்வாதவற்றை மறுக்கலாம் என்ற விதி மிகவும் தெளிவற்றது, தனி மனிதரின் பேச்சுரிமையைப் பாதிக்கிறது என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2020இல் அதைத் தள்ளுபடி செய்தது.

கட்டுப்பாடு இல்லாமலேயே விட்டுப்பார்த்த அனுபவமும் உண்டு. மெய்ன் மாநிலம் 2015இல் சொற்களைச் சோதிப்பதை ஏறத்தாழக் கைவிட்டது. ஆபாசச் சொற்கள் சாலையெங்கும் பெருகவே, 2021இல் மீண்டும் சட்டம் இயற்றி அவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கியது. அந்தச் சோதனையில் குற்றமற்றவர்களும் சிக்கினார்கள். சோயாக் கட்டியான டோஃபுவைத் தாம் விரும்புவதாக எழுதியிருந்த சைவ உணவாளர் ஒருவரின் பலகையும் பறிபோனது. இடைவெளியின்றி எழுதப்பட்ட அந்த எழுத்துகளை வேறு விதமாகப் பிரித்தால் வசையாகிவிடும் என்பதே காரணம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒருவர் பல ஆண்டுகளாக வைத்திருந்த, தம் குடும்பப் பெயரையே தாங்கிய பலகை 2016இல் ஒரு புகாரின்பேரில் ரத்தாயிற்று. அந்தப் பெயரை ஆங்கிலச் சொற்களாகப் பிரித்துப் படித்தால் பெண்களை இழிவுபடுத்தும் தொடராகத் தோன்றும் என்று அதிகாரிகள் கருதினார்கள். அவர் நீதிமன்றம் சென்றும் பலகை திரும்பக் கிடைக்கவில்லை.

என் கருத்தைக் கேட்டால், அந்தக் கனடியரின் மனவருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. தந்தை வழியாக வந்த பெயரை அரசு அசிங்கம் என்று சொல்வதைக் கேட்பது எளிதன்று. இருந்தபோதிலும், பலகையை எதிரில் வருபவர்கள் படிக்காமல் இருக்க முடியாது. பிடிக்காத இதழை மூடிவைத்துவிடலாம். முன்னால் செல்லும் வண்டியின் பலகையைப் பார்க்காமல் பின்னால் ஓட்ட முடியாது. அதனால் அரசுக்கு மறுக்கும் உரிமை வேண்டும் என்பதே என் நிலை. ஆனால் மறுப்பதற்கான அளவுகோல் முன்கூட்டியே எழுதி வெளியிடப்பட்டிருக்க வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். நீண்டகாலம் வைத்திருந்த பலகையைப் பறிக்கும்போது காரணத்தை மதிப்போடு விளக்க வேண்டும்.

ஜெர்மனியின் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தெளிவு. நாஜி ஆட்சியின் அமைப்புகளையும் வதைமுகாம்களையும் நினைவூட்டும் சில ஈரெழுத்துச் சேர்க்கைகள் அங்கே வழங்கப்படுவதே இல்லை. ஊர்க்குறியோடு சேர்ந்து அவை உருவாகிவிடாமலும் பார்த்துக்கொள்கிறார்கள். ‘எஸ்’ என்பது ஸ்டுட்கார்ட் நகரின் குறி என்பதால், அதை அடுத்து இன்னொரு ‘எஸ்’ தனித்து வர அங்கே இடமில்லை. எவருடைய ரசனையையும் நம்பியிராமல், துன்பப்பட்டவர்களை முன்னிறுத்தி வகுத்த விதி அது.

கேள்வி: ‘பலகை இல்லை’ என்ற சொல்லையே பதிவெண்ணாகப் பெற்ற ஒருவர் பெருந்தொல்லைக்கு ஆளானார் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மைதான். 1979இல் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஒருவர் விண்ணப்பப் படிவத்தில் படகுப் பயணம் தொடர்பான இரண்டு சொற்களை முதல் இரண்டு விருப்பங்களாக எழுதினார். அவை கிடைக்காவிட்டால் விருப்பப் பலகையே வேண்டாம் என்ற பொருளில் மூன்றாவது இடத்தில் ‘பலகை இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். முதல் இரண்டும் கிடைக்காததால் மூன்றாவதே பலகையாக அவர் கைக்கு வந்துசேர்ந்தது. பலகை இல்லாத வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதும் காவலர்கள் பதிவெண்ணுக்கான கட்டத்தில் அதே சொற்களைத்தான் எழுதிவந்தார்கள். இப்போது அந்தச் சொற்களுக்கு ஓர் உரிமையாளர் கிடைத்துவிட்டதால், மாநிலமெங்கும் எழுதப்பட்ட சீட்டுகள் ஆயிரக்கணக்கில் அவருடைய வீட்டுக்கு வரத் தொடங்கின.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதே பிழை வேறு வடிவில் நிகழ்ந்தது. கணினிப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர், தரவுத்தளங்களில் ‘மதிப்பு எதுவும் இல்லை’ என்பதைக் குறிக்கும் ‘நல்’ (NULL) என்ற ஆங்கிலச் சொல்லைக் கலிபோர்னியாவில் பதிவெண்ணாகப் பெற்றார். பதிவெண் நிரப்பப்படாத அபராதங்கள் அவர் பெயரில் சேர்ந்து, ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 12,000 டாலரை எட்டியதாக 2019இல் ஒரு கருத்தரங்கில் அவரே விவரித்தார். காலியிடத்தையும் அந்தச் சொல்லையும் ஏதோ ஒரு மென்பொருள் ஒன்றாகக் கருதியிருக்கிறது.

இந்த நிகழ்வுகளைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் தாம் செய்யாத குற்றத்துக்கு வந்த ஒவ்வொரு சீட்டுக்கும் தாமே சென்று மெய்ப்பிக்க வேண்டியிருந்த அந்த மனிதர்களின் நிலையை எண்ணிப்பாருங்கள். ஒரு படிவத்தில் ‘இல்லை’ என்பதை எப்படிக் குறிக்க வேண்டும் என்று முன்னதாகத் தீர்மானிக்காத அமைப்பின் குறை அது. அதன் சுமையைக் குடிமக்கள் தாங்கினார்கள்.

கேள்வி: எழுத்துகளின் இடைவெளியைச் சற்று மாற்றினால் என் பெயர் தெளிவாகத் தெரியும். அதனால் யாருக்கு என்ன கெடுதல்?

பதில்: கெடுதல் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பதிவெண்ணைத் தானாகப் படிக்கும் கேமராத் தொழில்நுட்பம் 1976இல் பிரிட்டனின் காவல் துறை ஆய்வுப் பிரிவில் உருவாயிற்று. இன்று சுங்கச்சாவடி, வாகன நிறுத்தம், திருடுபோன வண்டியைத் தேடுதல் எனப் பலவும் அதை நம்பியிருக்கின்றன. பிரிட்டனில் எழுத்தின் உயரம் 79 மில்லிமீட்டர், எழுத்துகளுக்கிடையே 11 மில்லிமீட்டர், இரு தொகுதிகளுக்கிடையே 33 மில்லிமீட்டர் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். இதை மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதமும், பதிவெண்ணையே இழக்கும் நிலையும் நேரலாம்.

ஜெர்மனி இன்னும் ஒருபடி மேலே சென்று எழுத்துருவையே புதிதாக உருவாக்கியது. கறுப்பு மையோ ஒட்டுநாடாவோ கொண்டு 3-ஐ 8 ஆக்குவதும், ‘பி’ எழுத்தை ‘ஆர்’ ஆக்குவதும் எளிதாக இருந்ததால், ஒவ்வொரு குறியும் மற்றதிலிருந்து வெளிப்படையாக வேறுபடும்படி வரையப்பட்ட எழுத்துகள் அவை. பார்வைக்குச் சற்றுக் கரடுமுரடாகத் தோன்றினாலும், மாற்றி எழுதினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தையும் பூஜ்யத்தையும், ‘ஐ’ எழுத்தையும் ஒன்றையும் கலந்து ஒருவரும் படிக்க முடியாத வரிசையை வேண்டுமென்றே கேட்பவர்களும் இருக்கிறார்கள். இதைத் தடுக்கச் சில இடங்களில் அவை இரண்டையும் ஒரே குறியாகக் கணக்கிட்டு, ஒன்று வழங்கப்பட்டிருந்தால் மற்றதை மறுத்துவிடுகிறார்கள். மோதிவிட்டு நிற்காமல் போகும் வண்டியின் எண்ணைக் கண்ணிமைக்கும் நேரத்தில் படித்து மனத்தில் இருத்தவேண்டிய சாட்சி ஒருவரை நினைத்துக்கொண்டால், இத்தகைய விருப்பத்துக்கு நியாயம் கற்பிக்க முடியாது.

கேள்வி: எண்களைப் பற்றிய நம்பிக்கைகள் பதிவெண் முறையையே மாற்றியது உண்டா?

பதில்: உண்டு. அயர்லாந்தின் பலகைகள் 1987 முதல் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களுடன் தொடங்கின. 2013 வந்தபோது ‘13’ என்று தொடங்கும் வண்டியை மக்கள் வாங்கத் தயங்குவார்கள் என்று விற்பனையாளர்கள் அஞ்சினார்கள். ஆண்டின் முற்பாதிக்கு ‘131’, பிற்பாதிக்கு ‘132’ என்று முறை மாற்றப்பட்டது. விற்பனையை ஆண்டு முழுவதும் பரவலாக்கும் நோக்கமும் அதில் இருந்தது. ஜப்பானில் சாவை நினைவூட்டும் 42, 49 என்று முடியும் எண்கள் பொதுவரிசையில் வழங்கப்படுவதில்லை. மாறாக, எல்லோரும் விரும்பும் எண்களுக்கு அங்கே ஏலம் கிடையாது; வாரந்தோறும் குலுக்கல் நடக்கிறது. பணம் படைத்தவரும் இல்லாதவரும் ஒரே வாய்ப்போடு நிற்கும் இந்த முறையை மற்ற நாடுகளும் எண்ணிப்பார்க்கலாம்.

கேள்வி: எழுத்தில் மட்டுமல்லாமல் வடிவத்திலும் பொருளிலும் வழக்கத்துக்கு மாறான பலகைகள் உண்டா?

பதில்: கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதியில் 1970 முதல் பலகை பனிக்கரடியின் வடிவில் வெட்டப்படுகிறது. 1999இல் அதிலிருந்து பிரிந்த நுனாவுட் பகுதியும் 2012 வரை அதே வடிவத்தைப் பயன்படுத்தியது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1928இல் தன் விளைபொருளான உருளைக்கிழங்கின் படத்தைப் பலகை முழுவதும் நிறைத்தது. இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இல்லினாய் மாநிலம் சோயாவைக் கொண்டு செய்த நார்ப்பலகைகளை 1943 முதல் சில ஆண்டுகள் வழங்கியது; கால்நடைகள் அவற்றைக் கடித்துத் தின்றுவிடும் தொல்லை இருந்தது. இப்போது கலிபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்கள், மின்தாளில் எழுத்து தோன்றும் டிஜிட்டல் பலகைகளை அனுமதிக்கின்றன. திருடுபோன வண்டி என்பதைப் பலகையிலேயே காட்ட முடியும் என்பது அவற்றின் பயன். ஆனால் இணையத்துடன் இணைந்த எதுவும் ஊடுருவலுக்கு ஆளாகலாம் என்பதால், இதில் நிதானமாகச் செல்வதே நல்லது என்று கருதுகிறேன்.

கேள்வி: விருப்பப் பதிவெண் எடுக்க எண்ணியிருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? வண்டியை விற்றால் எண் என்ன ஆகும்?

பதில்: தேர்ந்தெடுத்த எழுத்துகளைத் தாளில் இடைவெளியின்றி எழுதி, பொருள் தெரியாத வேறொருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் பிடித்துத் தலைகீழாகவும் பாருங்கள். பல இடங்களில் அதிகாரிகளும் அப்படிப் பார்க்கிறார்கள். முழுப் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துப் போடுவதைத் தவிருங்கள், சாலையில் போகும் எவருக்கும் அந்த விவரம் போய்ச்சேர வேண்டியதில்லை. படிவத்தில் இரண்டாவது, மூன்றாவது விருப்பம் இல்லையென்றால் அந்த இடத்தை எப்படி விட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நிரப்புங்கள். எண் மாறியவுடன் காப்பீடு, சுங்கக் கணக்கு, வாகன நிறுத்த அனுமதி ஆகிய அனைத்திலும் மாற்றிவிடுங்கள். பழைய எண்ணில் காப்பீடு இருந்தால் விபத்தின்போது வீண் சிக்கல் எழும்.

விற்பனையைப் பொறுத்தவரை, பலகையும் எண்ணும் அரசின் உடைமை என்பதும், நமக்கிருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே என்பதும் பெரும்பாலான நாடுகளில் சட்டநிலை. அந்த உரிமையைத் தக்கவைப்பதற்கான முறை நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் வண்டியை ஒப்படைப்பதற்கு முன்பே எண்ணை அதிலிருந்து பிரித்து, தக்கவைப்புச் சான்றைப் பெற்றுவிட வேண்டும். அந்தச் சான்று பத்து ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதைச் செய்யாமல் வண்டியை விற்றுவிட்டால் எண்ணுக்கான உரிமையும் வாங்கியவருக்கே போய்விடும். ஆகவே, உங்கள் நாட்டின் போக்குவரத்துத் துறையிடம் எண்ணை வாங்கும் நாளிலேயே இதைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.